தொட்டியோடு ஊர் சுற்றும் பாம்பு

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் நர்சரிக்கு இரண்டு விதமாகக் கூப்பிடுவார்கள். ஒன்று, "மழை பிடிச்சிருச்சு, தென்னங்கன்று எப்ப அனுப்புவீங்க?" என்று கேட்கும் போன். இன்னொன்று வாட்ஸ்அப்பில் வீடியோவாக வரும். குளியலறைத் தரை, ஓரத்தில் ஒரு விளக்குமாறு, நடுவில் கறுப்பாக ஏதோ ஒன்று துடித்துக்கொண்டிருக்கும். பின்னாலிருந்து யாராவது "கிட்ட போகாத, கிட்ட போகாத" என்று கத்துவார்கள். கிட்டப் போகாததால் வீடியோவில் ஒன்றும் சரியாகத் தெரியாது. ஆனாலும் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிடும்.

போன வாரம் தஞ்சாவூரிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருந்தார். எங்களிடம் அடுக்குச் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வாங்கிப்போனவர்.

"அக்கா, உங்க தொட்டியிலேருந்து பூநாகம் வந்துருக்கு. வீட்ல சின்னப்பிள்ளை இருக்கு. என்ன மருந்து அடிக்கிறது?"

"மருந்தெல்லாம் வேண்டாம் தம்பி. ஒரு பேப்பர்ல ஏத்தி செடிக்கு அடியிலயே விட்டுருங்க. அது புழுப்பாம்பு. கடிக்காது."

"பாம்புன்னே சொல்றீங்க, செடிக்கு அடியில விடுங்கன்னும் சொல்றீங்க!"

அவர் கேட்டதும் நியாயம்தான். இரண்டு நிமிடப் போன் பேச்சில் இதைப் புரியவைக்க முடியாது. ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி எனக்கும் தொண்டை வறண்டுவிட்டது. ஒரே தடவையாக எழுதி வைத்துவிட்டால் இனி லிங்க்கை அனுப்பிவிடலாம் அல்லவா.

எங்கள் நர்சரி கீரமங்கலம் பக்கம், புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. செம்மண் பூமி. தென்னை, பலா, மல்லிகை, முல்லை எல்லாம் கேட்காமலே வளரும். இந்த மண்ணில் புழுப்பாம்பு இல்லாத தோட்டம் ஒன்றைக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. செவிப்பாம்பு என்றும் குருட்டுப் பாம்பு என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் இண்டோடிப்லாப்ஸ் பிராமினஸ். வளர்ந்ததே பெரும்பாலும் நான்கு அங்குலத்தைத் தாண்டாது. ஆறு அங்குலம் இருந்தால் அது அந்த இனத்தில் பெரிய ஆள். தடிமன் ஒரு பால்பாயின்ட் பேனா ரீஃபிள் அளவுதான். அதனால்தான் மண்புழு என்று நினைத்து மண்ணோடு அள்ளிப் போட்டுவிட்டு, அது "ஓடுகிற" வேகத்தைப் பார்த்த பிறகு அலறுகிறார்கள்.

மண்புழுவுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவேண்டும் என்றால் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் விட்டுப் பாருங்கள். மண்புழு ஈரமாக இருக்கும், உடம்பு முழுக்க வளையம் வளையமாகத் தெரியும், நீண்டு சுருங்கி நகரும். இது காய்ந்த பளபளப்பு. எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும், ஆனால் தொட்டால் ஈரம் இருக்காது. இப்படியும் அப்படியும் வளைந்துதான் போகும். அப்புறம் நாக்கு. போன் கேமராவை நன்றாகப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் பொறுத்தால் வெளிர் நிறத்தில், ரோமம் மாதிரி, நுனி பிளந்த ஒரு நாக்கு வெளியே வந்து உள்ளே போவது தெரியும். அதைப் பார்த்துவிட்டால் புழு என்ற பேச்சுக்கே இடமில்லை. நாகத்துக்கும் சாரைக்கும் இருக்கிற அதே நாக்குதான், அளவு மட்டும் சின்னது.

தாம்பாளத்தில் இருக்கும்போதே கண்ணையும் தேடுங்கள். தலையின் இரண்டு பக்கமும், செதிலுக்கு அடியில் புதைந்து, இரண்டு கறுப்புப் புள்ளி. வெளிச்சமா இருட்டா என்று மட்டும் அதற்குத் தெரியும். டார்ச் அடித்தால் உடனே எதிர்ப்பக்கம் திரும்பும். தலை எது வால் எது என்று முதலில் குழப்பமாகத்தான் இருக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே தடிமன், இரண்டும் மழுங்கல். வால் நுனியில் மட்டும் ஒரு குட்டி முள் இருக்கும். கையில் எடுத்தால் அந்த முள்ளை உள்ளங்கையில் ஊன்றி உந்தும். சுருக் என்று ஒரு உணர்வு, அவ்வளவுதான். ரத்தம்கூட வராது. "வாலால கொட்டுது" என்று சொல்கிறார்களே, அது இதுதான். மண்ணுக்குள் போகும்போது முள்ளை ஊன்றித்தான் உடம்பை முன்னால் தள்ளுகிறது. நம் உள்ளங்கையையும் அது மண் என்றுதான் நினைத்துக்கொள்ளும் போல. அதோடு ஒரு அழுகல் வாடையும் விடும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் கொஞ்ச நேரம் விரலில் நிற்கும். அதன் மொத்த ஆயுதமும் இவ்வளவுதான்: ஒரு முள், ஒரு நாற்றம்.

குளியலறை டைல்ஸில் அது துடிக்கிற துடிப்பைப் பார்த்துத்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். அது கோபம் இல்லை, வழுக்கல். மற்ற பாம்புகளுக்கு வயிற்றுப்பக்கம் அகலமான செதில்கள் குறுக்காக இருக்கும். தரையைப் பற்றிக்கொண்டு போக அவை உதவும். இதற்கு உடம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிச் சின்னச் செதில்கள், சுற்றி எண்ணினால் இருபது வரிசை. நான்கு பக்கமும் மண் சூழ்ந்திருக்கும் இடத்துக்கு அது போதும். வழவழப்பான தரையில் விட்டால் பாவம், எதையும் பிடிக்க முடியாமல் உருளும்.

குளியலறைக்கு ஏன் வருகிறது என்றால், மழை. மண்ணில் தண்ணீர் நிறைந்து மூச்சுக்கு இடமில்லாமல் போனால் மேலே ஏறும். தண்ணீர் வெளியேறும் குழாய் ஓரமாக, சுவர் விரிசல் வழியாக, ஈரத்தைத் தேடி வந்துவிடும். வெயில் காலத்தில் இதே பாம்பு ஆழத்துக்கு இறங்கிவிடுவதால் பங்குனி சித்திரையில் எனக்கு இந்த வீடியோக்கள் வருவதில்லை.

இனி எங்கள் பைகளைப் பற்றி. இதைத்தான் நான் ஆசையாக எழுத வந்தேன்.

நர்சரிப் பை நிரப்புவதற்கு நாங்கள் பழகிய கணக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கின தொழுவுரம். ஆற்று மணல் கண்ணில் படாத விலைக்குப் போன பிறகு மணலுக்குப் பதில் தேங்காய் நார்க்கழிவு போடுகிறோம். ஈரத்தைப் பிடித்து வைக்கும், எடையும் குறையும். நிரப்பின பைகளை நிழல்வலைக்கு அடியில் வரிசையாக அடுக்கிவிட்டு, காலையும் மாலையும் பூவாளி அல்லது ஹோஸால் தண்ணீர் விடுவோம். இப்போது இதை ஒரு நாலு அங்குலப் பாம்பின் கண்ணால், அதாவது அதன் நாக்கால், பாருங்கள். மண் எப்போதும் பொலபொலவென்று இருக்கிறது. வெயில் கிடையாது, ஈரம் காய்வது கிடையாது. பைக்கு அடியில் இருக்கும் இருட்டைக் கேட்கவே வேண்டாம். இதற்கெல்லாம் மேல், பைக்குள் எறும்பு.

நர்சரியில் எறும்பை ஒழிக்க முடியாது. மாவுப்பூச்சி எங்கே இருக்கிறதோ அங்கே அது விடும் இனிப்பு நீருக்காக எறும்பு வரும். வந்த எறும்பு மண் தளர்ந்த பையைப் பார்த்துக் கூடு கட்டும். பையைக் கிழித்தால் வெள்ளை வெள்ளையாகக் கொட்டுமே, நாம் "எறும்பு முட்டை" என்போம். அதில் பெரும்பாலானவை முட்டை இல்லை, எறும்பின் புழுவும் கூட்டுப்புழுவும். புழுப்பாம்புக்கு அதுதான் சோறு. கூடவே கரையானும்.

ரொம்ப நாளாக விற்காமல் கிடக்கும் செடிகளின் பைகள்தான் இதற்குத் தோதான வீடு. வேர் பையைக் கிழித்துக்கொண்டு தரைக்குள் இறங்கியிருக்கும். யாராவது கேட்டு வந்து, அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்து "சடக்" என்று பிடுங்கும்போது, தரையில் பை இருந்த வட்டத்தில் எறும்புகள் நாலாபக்கமும் சிதறும். எறும்புகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு நெளிந்து ஒரு நொடியில் மண்ணுக்குள் காணாமல் போகும். பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது தெரியும். எங்களிடம் பாக்கெட் போடும் பெண்களில் மூத்தவரை எல்லோரும் அப்பாயி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அந்தக் கண் உண்டு. "ஏ பாப்பா, குடித்தனக்காரி ஓடுறா பாரு" என்பார். கையை நிறுத்தக்கூட மாட்டார்.

கஜா புயலுக்கு அப்புறம் வந்த மழைக்காலங்களில்தான் நான் இவற்றை இவ்வளவு அதிகமாகப் பார்த்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் அடித்த காற்றில் எங்கள் பக்கத்துத் தென்னையும் பலாவும் சாய்ந்து கிடந்த கோலத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தப் பதிவு வேறு எங்கோ போய்விடும். சாய்ந்த மரம் எல்லாவற்றையும் யாராலும் அப்புறப்படுத்த முடியவில்லை. விலை போகாத தென்னை மரங்கள் கிடந்த இடத்திலேயே மக்கின. மக்கின மரத்தில் கரையான். மரத்தைப் புரட்டினால் கரையான் புற்றுமண்ணுக்கு நடுவே இந்தப் பாம்புகள், ஒரே மரத்தடியில் பல. தீனி கூடினதால் பாம்பும் கூடியதா, அல்லது நாங்கள் அந்த வருடங்களில் மரம் புரட்டும் வேலையே கதியாக இருந்ததால் அதிகம் கண்ணில் பட்டதா என்றால், இரண்டும் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன்.

அது சாப்பிடுவதைப் பார்க்க ஆசைப்பட்டு ஒருமுறை கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் மண்ணும், கரையான் அரித்த பட்டையும் போட்டு ஒன்றை விட்டுப் பார்த்தேன். அது கண்ணாடியை ஒட்டி மேலே வந்து சாப்பிட்டது என் அதிர்ஷ்டம். மற்ற பாம்புகள் வாயை அகலத் திறந்து, தாடையை இப்படி அப்படி நகர்த்தி மெதுவாக விழுங்கும். இதற்கு வாய் தலைக்கு அடிப்பக்கம், ஒரு சின்னக் கீறல் மாதிரி இருக்கிறது. கரையானின் பின்பக்கத்தைப் பிடித்ததுதான் தெரியும், தாடை அதிர்கிற வேகத்தில் உடல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. இந்தக் குடும்பத்துப் பாம்புகளுக்குக் கீழ்த்தாடையில் பல் கிடையாது. மேல்தாடைப் பற்களை முன்னும் பின்னும் வேகமாக ஆட்டி, இரையை உள்ளே வாரிக்கொள்கின்றன. எறும்புக் கூட்டுக்குள் இருந்துகொண்டு ஆற அமரச் சாப்பிட முடியுமா? கடி வாங்குவதற்குள் வயிறு நிறைய வேண்டும், அதற்குத்தான் அந்த வேகம்.

அப்புறம் ஒன்று நடந்தது. கரையானின் உடம்பு உள்ளே போய்த் தலை மட்டும் வெளியே நின்றபோது, அது தன் முகவாயைப் பட்டையில் வைத்துத் தேய்த்தது. தலை பிய்ந்து கீழே விழுந்தது. தற்செயல் என்றுதான் நினைத்தேன். பிறகு தேடிப் படித்தால், ஜப்பானிய ஆய்வாளர்கள் இதே இனத்தில் இதையே கவனித்து 2015இல் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். கரையானின் தலை செரிக்காது, எச்சத்தோடு அப்படியே வெளியே வந்துவிடும். அதனால்தான் பல சமயம் தலையைக் கழித்துவிட்டுச் சாப்பிடுகிறது போல. நாம் நெத்திலி ஆய்கிற மாதிரி என்று சொன்னால் அப்பாயி சிரிப்பார்.

சரி, இதனால் நர்சரிக்கு லாபம் என்ன என்று கேட்பீர்கள். கரையான் தொல்லையை இது ஒழித்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லி வீடியோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கரையான் புற்றில் இருக்கும் எண்ணிக்கைக்கு இந்தப் பாம்பு தின்பது எந்த மூலைக்கு? ஆனால் கரையானுக்கு மருந்து ஊற்றின பாத்தியில் இதைப் பார்க்க முடியாது என்பது என் அனுபவம். பாம்பு ஓடுகிற பாத்தியில் மண் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் அதனிடம் வேலை வாங்க எனக்கு விருப்பமில்லை.

இனி வருவதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த சங்கதி. இந்தப் பாம்பில் ஆண் கிடையாது.

இல்லை என்றால் இல்லவே இல்லை. இதுவரை உலகத்தில் எங்கே பிடித்து ஆராய்ந்தாலும் பெண்தான். துணை இல்லாமலே முட்டை இடும், பொரிந்து வருவதும் பெண், தாயின் அச்சு. சாதாரணமாக உயிர்களுக்குக் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். இதற்கு மும்மூன்றாக, மொத்தம் 42. எப்போதோ நெருங்கிய இனங்கள் கலந்து பிறந்ததன் அடையாளம் அது என்கிறார்கள். மலைப்பாம்பு மாதிரிச் சில பாம்புகள் கூண்டில் தனியாக இருக்கும்போது எப்போதாவது இப்படி வாரிசு தந்த செய்திகள் உண்டு. ஆனால் இனம் முழுவதுமே பெண்ணாக, இதையே வாழ்க்கையாக வைத்திருக்கும் பாம்பு என்று தெரிந்திருப்பது இது ஒன்றுதான். ஒரு தடவைக்கு ஒரு சில முட்டைகள், அதிகம் போனால் எட்டு. ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே மேல் நீளம், வெள்ளையாக, மெலிதாக இருக்கும். தொழுவுரத்தைச் சலிக்காமல் விட்டால் கண்ணில் படவே படாது.

அப்பாயியிடம் இதைச் சொன்னபோது கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "ஆம்பிளை இல்லாத குடும்பமா? அதான் சத்தமில்லாம வேலை பாக்குது" என்றார். பக்கத்தில் உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது அவ்வளவாக ரசிக்கவில்லை.

ஆண் தேவையில்லை என்பதற்கு என்ன பொருள் என்று ஒரு வியாபாரியாக யோசித்துப் பாருங்கள். மற்ற பாம்புகள் ஒரு புது ஊரில் குடியேற வேண்டும் என்றால் பெரும்பாலும் ஆணும் பெண்ணுமாக இரண்டு போய்ச் சேர வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு ஒரு தொட்டி, அதில் ஒரே ஒரு பாம்பு, அல்லது ஒரே ஒரு முட்டை போதும். செடி எங்கே போகிறதோ அங்கே ஒரு புது வம்சம். அப்படித்தான் நம் தெற்காசியப் பக்கத்துப் பாம்பு, அண்டார்க்டிகாவைத் தவிர எல்லாக் கண்டத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. உலகத்திலேயே அதிக இடங்களில் பரவியிருக்கும் தரைப்பாம்பு ராஜநாகமும் இல்லை, மலைப்பாம்பும் இல்லை. நம் பூந்தொட்டிக்குள் இருக்கும் இந்த நாலு அங்குலம்தான். வெளிநாடுகளில் இதற்குப் "பூந்தொட்டிப் பாம்பு" என்றே பெயர்.

ஹவாய்த் தீவுகளில் தரைவாழ் பாம்பு என்று இயற்கையில் எதுவுமே கிடையாது. பாம்பு உள்ளே வந்துவிடக் கூடாது என்று அங்கே கடுமையான சட்டம் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில், 1930 வாக்கில் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பனை வகைச் செடிகளின் மண்ணோடு இது போய் இறங்கியது. இன்றைக்கு அங்கே நிலையாகக் குடியிருக்கும் ஒரே தரைப்பாம்பு இதுதான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1970களில் மியாமி பக்கம் தலைகாட்டிப் பரவியது. மெக்சிகோ, குவாம், ஜப்பானின் ஒகினாவா, ஆஸ்திரேலியாவின் டார்வின் என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். சமீபத்தில் இத்தாலியின் இஸ்கியா தீவிலும் கண்டெடுத்திருக்கிறார்கள். எந்தக் கப்பலில், எந்தத் தொட்டியில் போனது என்று யாருக்குத் தெரியும்? நர்சரிக்காரர்கள் யாரோ ஒருவர் கைப்பட்டுத்தான் போயிருக்கும்.

இதை முதலில் எழுத்தில் பதிவு செய்தவரும் நம் கடற்கரைப் பக்கத்தில் இருந்தவர்தான். பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சோழமண்டலக் கரையின் பாம்புகளைச் சேகரித்து, படங்களோடு 1796இல் புத்தகமாக வெளியிட்டார். விசாகப்பட்டினத்தில் கிடைத்த இந்தப் பாம்பை, அங்கே மக்கள் சொன்ன "ரெண்டு தலைப் பாம்பு" என்ற பொருள்படும் தெலுங்குப் பெயரோடே அதில் சேர்த்தார். அந்தக் குறிப்பை வைத்துத்தான் பிரான்ஸைச் சேர்ந்த டாடின் 1803இல் அறிவியல் பெயர் கொடுத்தார். எனக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ராஜமுந்திரி பக்கத்துக் கடியம் தெரியாமல் இருக்காது. குரோட்டன்ஸ், அலங்காரப் பனை, பெரிய சைஸ் தொட்டிச் செடி எல்லாம் அங்கிருந்துதான் லாரி லாரியாக வரும். விசாகப்பட்டினத்துக்குத் தெற்கே சில மணி நேரப் பயணம்தான் அந்த ஊர். ரஸ்ஸல் பார்த்த பாம்பின் பேத்திகள் எத்தனையோ பேர் டிக்கெட் எடுக்காமல் எங்கள் வாசலில் வந்து இறங்கியிருப்பார்கள், எங்கள் ஊர்க்காரிகளோடு கலந்து இருப்பார்கள். ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருப்பதால் யார் உள்ளூர், யார் வெளியூர் என்று பிரிக்கவும் வழியில்லை.

பயங்களுக்கு வருகிறேன். காதுக்குள் போகும் என்பது முதல் பயம். செவிப்பாம்பு என்ற பெயரே அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். அதற்கு வேண்டியது ஈரமண்ணும் எறும்புக் கூடும். உங்கள் காதில் இந்த இரண்டும் இருந்தால் நீங்கள் பார்க்க வேண்டியது டாக்டரை. இரண்டாவது, நக்கினால் குஷ்டம் வரும் என்பது. அது மண்ணுளிப் பாம்பின் மேல் சுமத்திய பழி, இதற்கும் ஒட்டிக்கொண்டது. இரண்டுக்குமே பொருந்தாது. மூன்றாவது, தாழம்பூவுக்குள் இருந்து கடித்தால் உடனே உயிர் போகும் என்கிற பூநாகக் கதை. இந்தப் பாம்புக்கு விஷம் கிடையாது. விரலைக் கடிக்கும் அளவுக்கு வாயும் கிடையாது.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் விளையாட மாட்டேன். "சின்னதா இருந்தா பயமில்லை" என்று மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டுவிரியன், கண்ணாடி விரியன் குட்டிகள் பிறக்கும்போதே கிட்டத்தட்ட ஒரு சாண், அதற்கு மேலேயே இருக்கும். சுருட்டை விரியன் குட்டி அப்படியில்லை, விரல் நீளத்தில்கூட இருக்கும், விஷமும் உண்டு. வித்தியாசம் தலையில்தான் இருக்கிறது. சுருட்டைக்குக் கழுத்தும் அகலத் தலையும் பெரிய கண்ணும் தெளிவாகத் தெரியும், முதுகில் கோலம் போட்ட மாதிரிக் குறி இருக்கும், உடம்பு சொரசொரப்பு. புழுப்பாம்புக்குக் கழுத்தே கிடையாது, குறி எதுவும் கிடையாது, ஒரே நிறம். தோலுரிக்கும் சமயத்தில் மட்டும் கொஞ்சம் நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும். சந்தேகமாக இருந்தால் கை வைக்காதீர்கள், தள்ளி நின்று போட்டோ எடுத்துத் தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். எனக்கு அனுப்பினாலும் பார்த்துச் சொல்கிறேன். ஆனால் தயவுசெய்து கொஞ்சம் கிட்ட ஜூம் பண்ணி எடுங்கள்.

இதைத் தின்ன ஆள் நிறையவே உண்டு. எங்கள் கோழிகள் தொழுவுரக் குவியலைக் கிளறும்போது ஒன்று அகப்பட்டால் அதை அலகில் கவ்விக்கொண்டு ஒரு கோழி முன்னால் ஓட, மற்றவை பின்னால் துரத்தும். கட்டுவிரியனும் இதைத் தின்னும். அதனால் புழுப்பாம்பு நிறைய இருக்கிற இடத்தில், ராத்திரி வேளையில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள் என்று எங்கள் ஆட்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். புழுப்பாம்பால் ஆபத்து என்று ஒன்று இருந்தால், அதைத் தேடி வரும் விருந்தாளியால்தான்.

தின்னாமல் விட்டுவைக்கிற ஒரு பறவையும் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு வகைச் சின்ன ஆந்தை, குஞ்சுகளுக்கு இரை கொண்டுவரும்போது மற்றதையெல்லாம் கொன்று கொண்டுவரும், அந்த ஊர்ப் புழுப்பாம்பை மட்டும் உயிரோடு கொண்டுவந்து கூட்டில் போடும். அது இதற்குத் தூரத்துச் சொந்தம், வேறு இனம். கூட்டில் விழுந்த பாம்பு அங்கே சேர்ந்திருக்கும் மிச்சம் மீதியில் நெளிகிற புழுக்களைத் தின்றுகொண்டு குடியிருக்கும். அப்படிப் பாம்பு இருந்த கூட்டில் குஞ்சுகள் நன்றாக வளர்ந்தன என்று 1980களில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஆந்தை திட்டம் போட்டுச் செய்கிறதா, அல்லது பாம்பு வழுக்கித் தப்பிவிடுகிறதா என்பது வேறு கேள்வி. நான் தப்பிவிடுகிறது என்ற கட்சி. கையில் பிடித்துப் பார்த்தவர்கள் என் பக்கம் நிற்பார்கள்.

தஞ்சாவூர்த் தம்பிக்கும் அவர் மாதிரிக் கேட்கும் மற்றவர்களுக்கும் கடைசியாகச் செய்முறை. வீட்டுக்குள் வந்துவிட்டால் ஒரு பேப்பரையோ, முறத்தையோ அதன் முன்னால் வைத்தால் தானே ஏறும். செடியடியிலோ குப்பைக் குழியிலோ விடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம், உப்புப் போட வேண்டாம். குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டைக்கு நெருக்கமான வலை போட்ட மூடி கடையில் கிடைக்கிறது, அதை மாட்டிவிட்டால் அடுத்த மழைக்கு வராது. தொட்டியைத் தரையோடு ஒட்டி வைக்காமல் ஸ்டாண்டில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

"அதெல்லாம் சரி, பாம்பே இல்லாத செடி குடுங்க" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டுக்குச் செடி அனுப்புகிறவர்கள் வேரில் ஒட்டின மண் அத்தனையையும் கழுவிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். பல நாடுகள் மண்ணோடு செடியை உள்ளே விடுவதில்லை. அதேபோல உள்ளூர்க்காரர்களுக்கும் வேரைக் கழுவி, புது நார்க்கழிவில் நட்டுத் தருகிறோம். கூலி சேர்வதால் ஒரு செடிக்கு விலை கொஞ்சம் கூடும், செடியும் கொஞ்ச நாள் வாடிப்போய்த்தான் நிமிரும். வாங்கும்போது அந்தத் தொட்டியில் பாம்பு இருக்காது, அதற்கு நான் பொறுப்பு. ஆனால் உங்கள் மொட்டைமாடியில் மாவுப்பூச்சி வந்து, அதைத் தேடி எறும்பு வந்து, அந்த எறும்பு தொட்டிக்குள் கூடு கட்டிவிட்டால், அப்புறம் பக்கத்து வீட்டுத் தொட்டியிலிருந்து யார் குடிவருவார்கள் என்பதற்கு என்னால் கேரண்டி கொடுக்க முடியாது.